கிணற்றடியில் நீண்டுபோன ஜெபம்

என் பெயர் நேசையன். பாறசாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நேசையன் வீடு எது என்று கேட்டால், எந்த நேசையன் என்று திருப்பிக் கேட்பார்கள். கிணறு வெட்டுகிற நேசையன் என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரன் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவான். அம்பூரி மலையடியிலிருந்து களியிக்காவிளை வரை முந்நூற்றுப் பதினான்கு கிணறு வெட்டியிருக்கிறேன். தூர் வாரியவை வேறு. நான்காம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சந்தையில் சுமடு தூக்கிய அப்பா எனக்கு விட்டுப்போனது அவருடைய தோள்பட்டை மட்டும்தான். இன்றைக்கு நான் இருக்கும் இரண்டு மாடி வீடும் வாசலில் நிற்கும் ஜீப்பும் மண்ணுக்குள் இறங்கி எடுத்தவை. குழாய்க்கிணறு போடுகிற லாரிகள் வந்தபோது நேசையன் கதை முடிந்தது என்று சிரித்தவர்கள் உண்டு. குழாயில் இரும்புக்கறை ஏறிய தண்ணீர் வந்ததும் அதே ஆட்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். நாற்பத்தெட்டு வருடத்தில் என் கிணற்றில் ஒரு உயிர் போனதில்லை. இந்தப் பக்கத்தில் இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உழைத்தவன் சொல்லலாம். சொல்லக் கூசுவது வேறொன்று. போன டிசம்பர் தொடங்கி சித்திரை வரைக்கும் நான் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அதை எழுதாவிட்டால் மேலே எழுதியது பாதிப் பொய்.

பதினாறு வயதில் வெள்ளறடையில் முதல்முறையாக ஒரு கிணற்றில் இறங்கினேன். நாற்பது அடி. பாதி வழியில் கால் மரத்துவிட்டது. மேலே பார்த்தால் வானம் ஒரு சோற்றுத்தட்டு அளவு. கீழே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த ஜெபங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “ஆண்டவரே, பிடிச்சுக்கிடும்” என்று மட்டும் சொன்னேன். அப்போது பிடரியில் ஒரு சூடு பரவியது. வெயிலில் காய்ந்த துண்டை யாரோ கழுத்துக்குப் பின்னால் போட்டதுபோல. கால் தானாகச் சுவரில் கால்வைக்க வெட்டியிருந்த அடுத்த குழியைத் தேடிப் பிடித்தது. கீழே போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து எந்தக் கிணற்றில் இறங்கினாலும் அந்தச் சூடு உண்டு. பத்தடி தாண்டியதும் வரும். கரையேறும் வரை இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி லீலாபாயிடம்கூட. எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம் என்று வைத்திருந்தேன். மற்றவர்களுக்குத் தெரிந்தது கிணற்றடியில் நான் செய்யும் ஜெபம்தான். இந்து வீடானாலும் சரி, அவர்கள் விளக்கேற்றி தேங்காய் உடைத்துவிட்டு, “இனி மேஸ்திரி ஜெபிக்கட்டு” என்று ஒதுங்கி நிற்பார்கள். நேசையன் ஜெபித்தால் தண்ணீர் வரும் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் மறுத்ததும் இல்லை.

அந்த ஜெபத்துக்கு ஒரு அளவு உண்டு. கிணற்றில் கெட்ட காற்று இருக்கிறதா என்று பார்க்க, பெயிண்ட் வாளியில் மெழுகுதிரி கொளுத்தி கயிற்றில் கட்டி இறக்குவோம். அடியில் போயும் திரி எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக்கூடாது. கயிறு விடுகிறவன் என் பழைய கூட்டாளி பாலையன். நான் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கும்போது அவன் கயிற்றை விடத் தொடங்குவான். நான் ஆமென் சொல்லும்போது வாளி தரையில் தட்டும். இரண்டும் ஒன்றாக முடியும். முப்பது வருடப் பழக்கம் அது. கண்ணைத் திறந்து குனிந்து பார்ப்பேன், கீழே திரி எரிந்துகொண்டிருக்கும், இறங்கு என்று ஆண்டவர் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன்.

போன டிசம்பரில் வெள்ளறடையில் ரப்பர் மரங்கள் நிற்கும் ஒரு விளையில் வேலை. முப்பத்தைந்து அடி. பத்தடி இறங்கினேன். சூடு வரவில்லை. பதினைந்து, இருபது. வரவில்லை. அடியில் நின்று மண்வெட்டியைப் பிடித்தேன். பிடரி குளிர்ந்துகிடந்தது. மார்கழிக் குளிர் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மதியம் மறுபடி இறங்கினேன், மறுநாளும் இறங்கினேன். ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகக் கிணற்றுக்குள் நான் தனியாக நின்றேன். சுவர் ஈரத்தில் மினுங்கியது. ஒரு கல் இளகினால் போதும் என்று தோன்றியது. அதுவரை அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே கிடையாது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. அவசரமாக மேலே ஏறிவந்து, வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ரோட்டில் போய் நின்றேன்.

பிறகு புத்தாண்டு வந்தது. எங்கள் சபையில் அன்று காலை ஆராதனை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். முன்பக்கம் மலையோ ஆறோ படமாக இருக்கும். பின்பக்கம் ஒரு வசனம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எந்த அட்டை வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குச் சொல்லும் வார்த்தை. பதினெட்டு வருடமாகக் கமிட்டியில் இருக்கிற நான்தான் தட்டைப் பிடிப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவர் எடுத்த அட்டையைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்ப வைக்கப் போனார். நான் விடவில்லை. “கடவுளுக்கிட்ட பேரம் பேசுதீரா? எடுத்தது எடுத்ததாக்கும்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அந்த மனுஷன் தலை குனிந்து போனார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த வருடம் கடைசியாக நான் எடுத்தேன். திருப்பினேன். வெள்ளையாக இருந்தது.

முன்பக்கம் ஒரு ஆறு, நாணல், சூரியன். பின்பக்கம் ஒரு எழுத்து இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிருக்கும் என்று எனக்கும் தெரியும், நான் அவ்வளவு மண்டூகம் இல்லை. ஆனால் முந்நூறு அட்டையில் அது ஏன் என் கையில் வந்து ஏறவேண்டும்? டிசம்பரில் ஆண்டவர் கையை எடுத்தார். ஜனவரியில் வாயையும் மூடிக்கொண்டார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மாற்றிக் கேட்கலாம் என்றால் என் வாயாலேயே அந்த வழியை அடைத்துவைத்திருக்கிறேன். அட்டையைச் சட்டைப்பையில் போட்டேன்.

“என்ன வசனம் கெடச்சுது?” என்று லீலாபாய் கேட்டாள்.

“பயப்படாண்டாம்ணு வரும்லா, அது.”

“நல்ல வசனம்” என்றாள்.

அடுத்த மூன்று மாதம் நான் தேடாத இடமில்லை. ஏதாவது பாவம் செய்திருக்கிறேனா என்று பழையதையெல்லாம் கிளறினேன். தம்பியோடு வேலித் தகராறு, அதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டாயிற்று. இன்னும் சில சில்லறைகள். இவ்வளவு பெரிய தண்டனைக்கு ஏற்ற குற்றம் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. செய்த தப்பு தெரிந்தால் காலில் விழலாம். தெரியாவிட்டால் எங்கே போய் விழுவது? வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். வீட்டு ஜெபத்தில் என் சத்தம் எப்போதும்போல வீதி வரை கேட்டது. எனக்கு மட்டும் அது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

கிணற்றடியில் ஜெபம் நீண்டது. முன்பு ஐந்து வாக்கியம். இப்போது கண்ணை மூடினால் திறக்க மனம் வராது. இன்னும் கொஞ்சம் சொன்னால் அந்தச் சூடு வந்துவிடாதா என்று ஆபிரகாமில் தொடங்கி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆட்கள் கால் மாற்றி நிற்பது கேட்கும். “மேஸ்திரிக்கு இப்ப பக்தி கூடிப்போச்சு” என்று யாரோ சொன்னார்கள். அதுவும் காதில் விழுந்தது, நல்லதாகத்தான் விழுந்தது.

ஜெபத்தை முடித்தாலும் நான் இறங்கவில்லை. என்னால் முடியவில்லை. என் மருமகன் சஜன் என்னோடு பத்து வருடமாக வேலை செய்கிறான். என் மகள் ரெஜிலாவின் வீட்டுக்காரன். அவனிடம் சொன்னேன், “முட்டு வலிக்கு மக்கா, நீ எறங்கு.” முழங்காலில் ஒரு வலியும் இல்லை. அடியில் நான் செய்யவேண்டிய வேலையை மூன்று மாதமாக அவன் செய்தான். வலியில்லாத முட்டுக்கு லீலாபாய் தினமும் தைலம் காய்ச்சித் தேய்த்தாள். “இப்ப எப்பிடி இருக்கு?” என்று கேட்பாள். “கொஞ்சம் கொறவு உண்டு” என்பேன்.

சித்திரையில் பெருங்கடவிளையிலிருந்து ஆனந்தவல்லி அம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். பழைய பிள்ளைமார் குடும்பம். அவருடைய கணவர் நீலகண்டபிள்ளை இருந்த காலத்திலேயே அந்த வீட்டுக் கிணற்றை நான் இரண்டுமுறை தூர் வாரியிருக்கிறேன். அவர் காலமான பிறகு அம்மா மகன் அரவிந்தோடு திருவனந்தபுரத்தில் இருந்தார்கள். ஆறு வருடம் கிணற்றைச் சிமென்ட் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள். இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு அடி. மூடிக்கிடந்த கிணறு, வேனல் காலம். இதில் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று மற்ற மேஸ்திரிகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பவன்.

பலகையை நீக்கி, அடியில் கிடந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம். சஜன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மறுமுனை பலாமரத்தில் கட்டியிருந்தது. ஆமென் சொன்ன பிறகு அந்த முடிச்சை நான் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வழக்கம். அம்மா தன் பூஜையை முடித்துவிட்டு, “மேஸ்திரி, இனி உங்க ஜெபம்” என்றார்கள். நான் கண்ணை மூடினேன். பாலையன் வாளியை இறக்கத் தொடங்கினான்.

அன்றைக்கு எவ்வளவு நேரம் ஜெபித்தேன் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் தாண்டியிருக்கும் என்று அரவிந்த் பிறகு சொன்னார். பாலையன் பயபக்தியுள்ளவன். ஜெபம் முடியாமல் வாளி தரையில் தட்டுவது சரியில்லை என்று நினைத்து, இருபதடியில் கயிற்றை நிறுத்திப் பிடித்துக்கொண்டு அவனும் கண்ணை மூடிவிட்டான். சஜன் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறான். மேலேயிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. கீழே திரி எரிகிறது. மாமா இப்போது முடிக்கப்போவதில்லை, வெயில் ஏறுகிறது. அவன் காலை உள்ளே வைத்து இறங்கிவிட்டான். சுவரைப் பார்த்து இறங்குகிறவனுக்கு முதுகுப்பக்கம் நடுவில் தொங்கிய வாளி கண்ணில் படவில்லை.

நான் ஈசாக்கையும் யாக்கோபையும் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். என் எதிரே நின்ற சஜனைக் காணவில்லை.

“எலே, சஜன் எங்கே?”

பாலையன் முழித்தான். குனிந்து பார்த்தோம். நடுவழியில் தொங்கிய திரி சௌக்கியமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, வெகு கீழே, ஒரு வெள்ளைப் பனியன் மடங்கிக் கிடந்தது.

“சஜா! எலே சஜா!”

பனியன் அசையவில்லை. நான் வேட்டியை மடித்துக்கட்டிக் காலை உள்ளே வைத்தேன். மூன்று மாதம் எந்தப் பயம் என்னை இறங்கவிடவில்லையோ அந்தப் பயத்தை அப்போது காணவில்லை, அதைவிடப் பெரியது வந்துவிட்டது. பாலையன் பின்னாலிருந்து என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான்.

“அண்ணே, எறங்காதியும்! நீருதானே சொல்லித் தந்தீரு, ரெண்டாமத்தவன் எறங்கினா ரெண்டு சவம்ணு!”

“விடுலே!”

“விடமாட்டேன். கயித்தப் பிடியும்!”

இழுத்தோம். கயிறு வரவில்லை. மோட்டார்க் குழாயைச் சுற்றிச் சிக்கியிருந்தது. அரவிந்த் கொல்லைக் குழாயைத் திறந்து ஹோஸைக் கிணற்றுக்குள் பீய்ச்சினார், தண்ணீர் விழுந்தால் காற்று கலங்கும் என்று நான் கத்தியதால். வேலைக்காரப் பெண் மாங்கொப்பு ஒடித்துக் கொண்டுவந்தாள். அதைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடித்தேன். எல்லாம் கைக்குத் தெரிந்த வேலைகள், கை செய்துகொண்டிருந்தது. ஆனந்தவல்லி அம்மா நெஞ்சில் கைவைத்து நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சொன்னார்கள்:

“மேஸ்திரி, உங்க ஏசுவ விளியும்! உங்க ஜெபம் கேக்குமே, விளியும்!”

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் ஊரே கேட்க ஜெபித்த வாய். ஒரு சொல் வரவில்லை. ஆண்டவர் பெயர்கூட வரவில்லை.

“எனக்கு வரல்லம்மா” என்றேன். “கொஞ்ச நாளாட்டே வரல்ல. நீங்க வந்து கயித்தப் பிடியுங்க.”

அம்மா என்னை ஒரு நொடி பார்த்தார்கள். பிறகு “சிவனே, சிவனே” என்று கத்திக்கொண்டே புடவையைச் செருகிக் கயிற்றைப் பிடித்தார்கள். எழுபது வயது. நாங்கள் நாலுபேர் இடப்பக்கமாக நகர்ந்து உதறி இழுத்தபோது சிக்கு விட்டது. பாரம் ஏறியது. இருபதடி, பத்தடி. தலை தொங்கியபடி சஜன் வந்தான். உதடு நாவல்பழ நிறம். தரையில் கிடத்தி மார்பை அமுக்கினேன். எண்ணவில்லை, அழுதுகொண்டே அமுக்கினேன். ஒரு விக்கல்போல வந்தது. பிறகு இன்னொன்று. ஃபயர் ஃபோர்ஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நாளைக்குள் கண் திறந்தால்தான் எதுவும் சொல்லமுடியும் என்று டாக்டர் சொன்னார். மூளைக்குக் காற்று போகாமல் எவ்வளவு நேரம் கிடந்தான் என்று கேட்டார். “நான் ஜெபிச்சுக்கிட்டு இருந்தேன், தெரியல்ல” என்றேன். அவர் அதை எப்படி எழுதிக்கொண்டாரோ.

ரெஜிலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அடுக்களையில் நின்றபடியே வந்திருக்கிறாள், கையில் மாவு. லீலாபாய் அவளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். எங்கள் போதகரும் வந்தார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எல்லாரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அண்ணாச்சி, நீங்களே ஜெபிக்கணும். உங்க பிள்ளைக்காக நீங்க ஜெபிக்கதாக்கும் நல்லது.”

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ரெஜிலாவும் மூடினாள். அந்த மூடிய கண்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் சத்தமாக நாலு வார்த்தை சொல்லிவிடலாம். பழகிய வாய் ஏதாவது சொல்லும், ஆமென் என்பார்கள், அதோடு முடிந்தது. ஆனால் அன்று காலை அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதானே அவன் கீழே விழுந்தான்.

“என்னால ஆவல்ல” என்றேன். “ஜெபிக்குத மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். கெணத்துல எறங்கும்போ எனக்குப் பிடரியில ஒரு சூடு வரும், டிசம்பர்ல அது நிண்ணுபோச்சு. அதுக்குப் பெறவு ஆண்டவரு எங்கிட்ட இல்ல. புத்தாண்டுக்கு எனக்கு வந்த அட்டையில ஒரு எழுத்து கெடையாது. லீலாட்ட பொய் சொன்னேன். கெணத்துல எறங்க பயம். முட்டுவலின்னு சொல்லி சஜன எறக்கினேன். முட்டுல ஒரு வலியும் இல்ல.”

ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். லீலாபாய் தன் கையைப் பார்த்தாள், தைலம் தேய்த்த கை. ரெஜிலா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

“உங்க பயத்துக்குப் பதிலாட்டு எனக்க மாப்பிளைய எறக்கினீங்களாப்பா?”

“ஆமா மக்கா.”

“மூணு மாசமாட்டா?”

“ஆமா.”

அவள் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். போய் அந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டாள். லீலாபாயும் அவளோடு போனாள். என் பெஞ்சில் நானும் போதகரும் மட்டும்.

வெகு நேரம் கழித்து அவர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணாச்சி, அந்த அட்டை. இந்தத் தடவ அச்சுல விட்டுப்போனது ஆறெண்ணம் உண்டு. அஞ்சுபேரு அன்னைக்கே எங்கிட்ட வந்து மாத்தி வாங்கிட்டுப் போனாவ. ஒண்ணு யாருக்க கையில இருக்குண்ணு தெரியாம இருந்துது.”

ஐந்துபேர் சிரித்துக்கொண்டே போய் மாற்றி வாங்கியிருக்கிறார்கள். இது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். இல்லை. இன்னும் பயந்தேன். ஆண்டவர் என்னைவிட்டுப் போனார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கேட்டால் கிடைக்கும் ஒன்றைக் கேட்காமல், ஊரைக் கூட்டித் தட்டுப் பிடித்த பெருமையில் அங்கேயே நின்றது யார்? இனி போனாலும் அந்த வழி எனக்குத் திறக்குமா என்று தெரியவில்லை. போதகர் எழுந்துபோகவில்லை. சாயங்காலம் வரை என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் பெரிய பிரசங்கி கிடையாது, நானே கமிட்டியில் குறை சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு சஜன் கண் திறந்தான். உள்ளே ஒவ்வொருவராக விட்டார்கள். என்னைக் கண்டதும், “மாமா, திரி எரிஞ்சுதே” என்றான். ஏதோ அவன் செய்த தப்பைப்போல. “நான் பாத்துட்டுத்தான் எறங்கினேன்.”

“நீ பாத்தது செரிதான் மக்கா” என்றேன். “நான்தான் பாக்கல்ல.”

“அப்பிடி என்னத்த ஜெபிச்சீங்க அவ்வளவு நேரம்?”

“அவரு உண்டா இல்லையாண்ணு கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கு அப்போதும் தலை கிறுகிறுப்பு. “அதுக்கு என்னையும் நிக்கவச்சிருக்காண்டாம்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். நான் சிரித்தேனா அழுதேனா என்று நர்ஸைத்தான் கேட்கவேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு லீலாபாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள், “பிடரியில சூடுண்ணு சொன்னீங்களே, அது எப்பளும் உண்டுமா?”

“டிசம்பர் வர உண்டு.”

“எனக்கு ஒருநாளும் அப்பிடி ஒண்ணும் வந்ததில்ல.”

“ஒருநாளுமா?”

“இல்ல. நம்ம மகன் சாமுவேல் ஆறு மாசக் கொழந்தையாட்டு இருக்கும்போ காய்ச்சல்ல போனாமில்லா, அன்னைக்குக்கூட வரல்ல.”

“பின்ன எதுக்கு நீ தினமும் முட்டுப்போட்டு மணிக்கணக்கா?”

“அவரு கேக்காருண்ணு நெனச்சுத்தான். வேற யாருகிட்டப் போய்ச் சொல்லதுக்கு?” என்று சொல்லிவிட்டு, கிழங்கை அள்ளிக் கழுவப் போய்விட்டாள்.

நாற்பது வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறோம். எனக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கும், எனக்கு மட்டும் நின்றுபோயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்கு அந்தக் குளிரிலேயே நாற்பது வருடமாக இருந்திருக்கிறாள்.

சஜனுக்கு ஒரு மாதம் ஓய்வு. அதன்பிறகு ரெஜிலா சொன்னாள்: “அவரு வேலைக்கு வரலாம். ஆனா நீங்க எறங்கணும். அவரு மேல நிண்ணு திரியப் பாப்பாரு. மொத நாளு நானும் வருவேன்.” நான் சரி என்றேன். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தைரியம் இல்லை.

அடுத்த வேலை வெள்ளறடைக்குப் போகும் வழியில் சதாசிவன் என்பவரின் வீட்டில். புதுக் கிணறு இல்லை, பழையதை இன்னும் ஆழமாகத் தாழ்த்தவேண்டும். நாற்பத்தைந்து அடி. அவருடைய மனைவி ஷியாமளா என் ஜெபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டி வைத்திருந்தார். என் கயிற்றின் மறுமுனையை இங்கேயும் ஒரு பலாமரத்தில் கட்டியிருந்தோம், ரெஜிலா அதன் அடியில் கை கட்டி நின்றாள். சஜன் குனிந்து வாளியை இறக்கினான். நாங்கள் ஒருவரும் கண்ணை மூடவில்லை. வாளி தரையில் தட்டியது. “எரியுது மாமா” என்றான். ஐந்து நிமிஷம் காத்தோம். அப்போதும் எரிந்தது. பாலையன் என் இடுப்பு முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தான்.

“ஜெபம்?” என்று ஷியாமளா நினைவுபடுத்தினார்.

கிணற்று வாயில் நின்று உள்ளே பார்த்தேன். பிடரியில் ஒன்றுமில்லை. கைப்பிடிக் கல்லைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

“ஆண்டவரே, எனக்குப் பயமாட்டிருக்கு” என்றேன். “நீரு எங்க இருக்கீருண்ணு எனக்குத் தெரியல்ல. நான் எறங்கப்போறேன். ஆமென்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “இவ்வளவுதானா மேஸ்திரி?” என்று சதாசிவன் கேட்டார். ஏமாந்துபோன முகம்.

நான் பதில் சொல்வதற்குள் ரெஜிலா மரத்தடியிலிருந்து வந்துவிட்டாள். பலாமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமலே தன் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்பா” என்றாள். “எறங்குங்க.”

நான் காலை உள்ளே வைத்து முதல் குழியைத் தேடினேன்.